படத்துக்குப் பக்கத்தில் வசனம் வைத்த அகதி ஆசிரியர்

கொமேனியஸ் (1592 – 1670)

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்துச் செயலாளர் அண்ணை கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் எழுத்தாளன் இல்லை. ஏ.எல். படிப்போடு நின்றவன். இப்ப பக்ரறியில் இரவு வேலை. நான் என்னத்தை எழுதிறது? ஆனால் பிறகு மகளின் வீட்டுப்பாடத் தாள் ஒன்று என்னை எழுத வைத்துவிட்டது.

மகளுக்கு ஆறு வயது. தாளின் ஒரு பக்கம் ஆறு படம், மற்றப் பக்கம் ஆறு ஆங்கில வசனம். எந்த வசனம் எந்தப் படத்துக்குப் பொருந்துதோ அதுக்குக் கோடு கீற வேணும். பெடியன் பட்டம் விடுகிறான், நாய் கதிரைக்குக் கீழே படுத்திருக்கு, இப்படி ஐந்தையும் பொருத்தியாச்சு. ஆறாவது வசனத்தில் 'கே' எழுத்தில் தொடங்குகிற ஒரு சொல். நான் அதை க்னிற்றிங் என்று வாசித்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தா. அந்த 'கே'யைச் சொல்லக் கூடாதாம், நிற்றிங் என்றுதான் சொல்ல வேணுமாம். மிஞ்சிக் கிடந்த படத்தைப் பார்த்தேன். ஒரு ஆச்சி கதிரையில் இருந்து இரண்டு நீட்டு ஊசியால் கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறா. வெக்கை ஊரில் பிறந்த எனக்கு அந்தச் சொல்லைப் படிப்பித்தது அகராதி இல்லை, அந்த ஆச்சியின் படம்தான்.

பக்ரறியிலும் எனக்கு அப்படித்தான் நடந்தது. வேலைக்குப் போன முதல் நாள் மெசினில் ஒரு படம் ஒட்டியிருந்தது. ஒரு கை, அதுக்கு மேலே சிவப்புக் கோடு. கீழே ஒரு வசனம். படம் அன்றைக்கே விளங்கியது. வசனம் மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

படத்தையும் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கிற இந்த முறைக்கு ஆர் வழி போட்டவர் என்று தேடிப் படித்தேன். கிடைத்த பெயர் கொமேனியஸ். செக் மொழியில் யான் அமோஸ் கொமென்ஸ்கி. முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி செத்துப் போனவர். எங்களைப்போல அவரும் ஒரு அகதி. அதனால்தான் அவருடைய கதையை இந்த மலரில் எழுத நினைத்தேன்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளை

1592 மார்ச் 28 இல் மொராவியாவில் பிறந்தார். அது இன்றைய செக் குடியரசின் கிழக்குப் பகுதி. அவருடைய குடும்பம் சகோதரர் ஒன்றியம் என்ற சின்னப் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்தது. கத்தோலிக்க அரசர்களின் ஆட்சியில் அந்தச் சபையார் எப்போதும் பயந்து பயந்துதான் இருந்தார்கள்.

பத்து வயதில் தகப்பன் போனார். அடுத்த இரண்டொரு வருசத்தில் தாயும் இரண்டு சகோதரிகளும் போனார்கள். மாமி ஒருவர் எடுத்து வளர்த்தார். 1605 இல் சண்டை வந்து மாமியின் ஊரும் எரிந்தது. பதினாறு வயதில்தான் அவரால் பிறேரவ் என்ற ஊரில் உள்ள லத்தீன் பாடசாலைக்குப் போக முடிந்தது.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் லத்தீன் தெரியாதவன் படித்தவன் இல்லை. இன்றைக்கு எங்களுக்கு ஆங்கிலம் எப்படியோ, அன்றைக்கு அவர்களுக்கு லத்தீன் அப்படி. சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கண விதிகளை விளங்காமலே பாடமாக்கக் குடுப்பார்கள். பிழைவிட்டால் பிரம்பு. மற்றப் பிள்ளைகள் சின்ன வயதில் அடி வாங்கிப் பழகிவிட்டார்கள். இவரோ வளர்ந்த பிறகு போனவர். இப்படிப் படிப்பிப்பது பிழை என்று அவருக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பிந்திப் பள்ளிக்கூடம் போனதால் வந்த நன்மை அது.

பிறகு ஜேர்மனியில் ஹேர்போர்ன், ஹைடெல்பேர்க் ஆகிய இடங்களில் படித்தார். 1614 இல் ஹைடெல்பேர்க்கிலிருந்து கால்நடையாகவே ஊர் திரும்பினார். 1616 இல் சபையின் குருவானார். 1618 இல் கலியாணம் முடித்து, புல்னெக் என்ற ஊரில் குருவாகவும் பாடசாலைப் பொறுப்பாளராகவும் இருந்தார். அவருடைய வாழ்க்கையில் நிம்மதியான காலம் அந்த இரண்டு மூன்று வருசம்தான்.

எரிந்த புத்தகங்கள்

1618 இல் முப்பது வருசப் போர் தொடங்கியது. 1620 நவம்பர் 8 இல் பிராக் நகருக்குப் பக்கத்தில் வெள்ளை மலை என்ற இடத்தில் செக் புரட்டஸ்தாந்துகள் தோற்றார்கள். அடுத்த வருசம் ஸ்பானியப் படை புல்னெக்கைப் பிடித்தது. கொமேனியஸ் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஒளிக்க வேண்டியதாய்ப் போயிற்று. 1622 இல் கொள்ளை நோய் வந்து மனைவியும் இரண்டு பிள்ளைகளும் செத்துப் போனார்கள். அவர் பக்கத்தில் இல்லை. 1623 இல் அவருடைய புத்தகங்களை ஊர்ச் சதுக்கத்தில் போட்டு எரித்தார்கள்.

யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிந்தபோது நான் பிறக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி அப்பா கதைக்கிற நேரம் அவருடைய குரல் மாறுகிறதைக் கேட்டு வளர்ந்தவன். அதனால் புல்னெக் சதுக்கத்தைப் பற்றி எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டி இருக்கவில்லை.

ஏழு வருசம் தன்னுடைய நாட்டுக்குள்ளேயே ஒளித்துத் திரிந்தார். 1624 இல் திரும்பவும் கலியாணம் முடித்தார். கத்தோலிக்கராக மாறு, இல்லாட்டி நாட்டை விட்டுப் போ என்ற நிலை வந்தது. 1628 பெப்ரவரியில் பனிக்குள் எல்லை மலையைக் கடந்து போலந்துக்குப் போனார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. என்னுடைய வயதும் அதுதான். அதுக்குப் பிறகு இருந்த நாற்பத்திரண்டு வருசமும் அவர் அகதிதான். ஊரில் வாழ அவருக்குக் கடைசிவரை குடுத்து வைக்கவில்லை.

திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கை

போலந்தில் லெஷ்னோ என்ற ஊரில் செக் அகதிகள் கூடி இருந்தார்கள். கொமேனியஸ் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார். இன்னும் கொஞ்சக் காலம்தான், திரும்பிப் போயிடலாம் என்று எல்லாரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். ஊர் திரும்பினால் முதல் வேலையாகப் பள்ளிக்கூடங்களைக் கட்டியெழுப்ப வேணும், அதுக்கு ஒரு திட்டம் கையில் இருக்க வேணும் என்று செக் மொழியில் ஒரு பெரிய கல்வி நூலை எழுதி வைத்தார்.

அதில் சொன்னது இதுதான். ஆண்பிள்ளை பெண்பிள்ளை, பணக்காரர் ஏழை எல்லாருக்கும் படிப்பு வேணும். ஆறு வயது வரைக்கும் தாயின் மடிதான் பள்ளிக்கூடம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் தாய்மொழிப் பள்ளிக்கூடம். லத்தீன் அதுக்குப் பிறகுதான். முதலில் பொருள், பிறகு சொல். முதலில் உதாரணம், பிறகு விதி. பயத்தில் படிக்கிற பிள்ளைக்குப் படிப்பு ஏறாது.

அந்த நூலுக்கு ஊர் போய்ச் சேரும் வேளை வரவில்லை. பிறகு அதை எல்லா நாட்டாருக்குமாக லத்தீனில் எழுதி 1657 இல் வெளியிட்டார். அவர் செக் மொழியில் எழுதிய பிரதி 1841 இல்தான் லெஷ்னோவில் கண்டெடுக்கப்பட்டது. 1849 இல் அச்சானது. ஊர் திரும்பினதும் விரித்துப் பார்க்க எழுதி வைத்த புத்தகத்தை, அவருடைய சனம் இருநூறு வருசம் கழித்துத்தான் வாசித்தது.

1631 இல் மொழிகளின் வாசல் என்ற பொருள்படும் பெயரில் லத்தீன் பாடநூல் ஒன்றை வெளியிட்டார். அதில் ஏறத்தாழ எண்ணாயிரம் சொற்களை ஆயிரம் வசனங்களுக்குள் அடக்கியிருந்தார். உலகம், மரம், மிருகம், வீடு, தொழில் என்று தலைப்புத் தலைப்பாக நூறு பாடம். ஒரு பக்கம் லத்தீன், பக்கத்திலேயே பிள்ளையின் மொழி. சில வருசத்துக்குள் ஐரோப்பாவின் பல மொழிகளில் அது அச்சாகி, இந்த ஏழை அகதியின் பெயர் நாடு நாடாகப் பரவியது.

லண்டனில் ஒரு வருசம்

பெயர் பரவினதால் அழைப்பும் வந்தது. 1641 செப்ரெம்பரில் நண்பர்கள் கூப்பிட்டு லண்டனுக்கு வந்தார். கல்விக்கென்று பெரிய நிலையம் ஒன்று அமைக்கப் பாராளுமன்றம் உதவும் என்ற எண்ணத்தோடு வந்தவர். அடுத்த மாதமே அயர்லாந்தில் கிளர்ச்சி. அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் இழுபறி முற்றி உள்நாட்டுப் போர் வரும்போல இருந்தது. 1642 இல் திரும்பவும் மூட்டை கட்டினார். சண்டையிலிருந்து தப்பி வந்தவர் இன்னொரு சண்டையின் வாசலில் நின்றார்.

பிறகு சுவீடன் அரசு தங்கள் பள்ளிக்கூடங்களுக்குப் பாடநூல் எழுதித் தரும்படி கேட்டது. எல்பிங் என்ற ஊரில் இருந்து ஆறு வருசம் எழுதினார். சமாதானப் பேச்சில் சுவீடன் எங்களை மறக்காது, ஊர் திரும்ப வழி செய்யும் என்ற நம்பிக்கையும் அந்த உழைப்புக்குள் இருந்தது. 1648 இல் வெஸ்ற்பாலியா சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. அதில் செக் அகதிகள் திரும்பிப் போக ஒரு வழியும் இல்லை. பெரிய நாடுகள் மேசையில் இருந்து கதைத்து முடித்தார்கள். இவர்கள் வெளியில் நின்றார்கள். அதே வருசம் இரண்டாவது மனைவியும் செத்துப் போனா. அந்த வருசம்தான் சபை அவரைத் தன்னுடைய ஆயராகத் தெரிந்தெடுத்தது.

படமும் இலக்கமும் வசனமும்

1650 இல் ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தைத் திருத்தி அமைக்கக் கூப்பிட்டார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அவருடைய ஆயிரம் வசனம் பாரமாக இருந்தது. வசனம் இருக்கு, ஆனால் அது சொல்லுகிற பொருள் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இல்லை. அப்போதுதான் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு படம் போட்டால் என்ன என்று தொடங்கினார். ஆனால் அந்தப் படங்களை மரத்தில் செதுக்கி எடுக்க அங்கே ஆள் இல்லை. கையெழுத்துப் பிரதி ஜேர்மனியில் நூரம்பேர்க் நகருக்குப் போய், 1658 இல்தான் புத்தகமாக வெளிவந்தது. பெயர் ஓர்பிஸ் பிக்டஸ். கண்ணால் காணும் உலகம் படங்களில் என்று அதன் பொருளைச் சொல்லலாம். பிள்ளைகளுக்கென்றே படத்தோடு அச்சான பாடநூல்களில் இதைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

அந்தப் புத்தகம் எப்படி இருந்தது என்று சொல்லுகிறேன் கேளுங்கோ. மொத்தம் நூற்றைம்பது பாடம். மேலே படம். கீழே இரண்டு நிரல், ஒன்றில் லத்தீன், மற்றதில் ஜேர்மன். படத்துக்குள் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு இலக்கம். கீழே வசனத்தில் அந்தப் பொருளின் பெயர் வருகிற இடத்தில் அதே இலக்கம். தையல்காரனின் படம் என்றால் துணிக்கு ஒரு இலக்கம், கத்தரிக்கோலுக்கு ஒரு இலக்கம். பிள்ளை வசனத்தை வாசித்து, இலக்கத்தைப் பிடித்து, விரலைப் படத்துக்குக் கொண்டுபோக வேணும். என்னுடைய மகள் பென்சிலால் கீறின கோட்டை அந்தப் பிள்ளைகள் விரலால் கீறினார்கள்.

எழுத்துப் படிப்பிக்கும் விதமும் வடிவானது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சத்தம். முதல் எழுத்துக்குக் காகம் கரைகிறது. பிறகு ஆடு கத்துகிறது, காற்று ஊதுகிறது, கரடி உறுமுகிறது, பாம்பு சீறுகிறது. அதைத் தாண்டினால் வானம், நெருப்பு, தண்ணீர், பூ, பறவை, பேக்கரிக்காரன், சப்பாத்துத் தைக்கிறவன், தச்சன், அச்சுக்கூடம். உயிரைக்கூட விடவில்லை. மனித உருவம் ஒன்றைப் புள்ளி புள்ளியாகக் கீறி, இதுதான் ஆன்மா என்று காட்டியிருக்கிறார்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கீறட்டும், அதைத் தடுக்க வேண்டாம் என்றும், படத்தில் உள்ள பொருளை நேரில் காட்ட முடிந்தால் நேரிலேயே காட்ட வேணும் என்றும் முன்னுரையில் ஆசிரியர்களுக்குச் சொல்லி வைத்தார்.

1659 இல் சார்ள்ஸ் ஹூல் என்ற ஆங்கில ஆசிரியர் அதை லத்தீனும் ஆங்கிலமுமாக லண்டனில் வெளியிட்டார். இந்த இடத்தில் ஒரு விசயத்தைக் கவனியுங்கோ. அந்தப் பதிப்பில் லத்தீன்தான் படிக்க வேண்டிய பெரிய மொழி. ஆங்கிலம் அதுக்குப் பக்கத்து நிரலில், பிள்ளை கை பிடித்து நடக்கிற வீட்டுமொழியாக நின்றது. 1666 இல் நாலு மொழிப் பதிப்பு வந்தது. 1810 இல் நியூயோர்க்கிலும் அச்சிட்டார்கள். ஜேர்மன் கவிஞர் கோதே, தன்னுடைய சின்ன வயதில் கையில் கிடந்த புத்தகமாக இதை நினைவு கூர்ந்திருக்கிறார்.

எழுத்து எழுத்தாய்ச் சேர்த்தது ஒரு நாளில் போனது

இந்தப் புத்தகம் அச்சாக முந்தியே அவருக்கு இன்னொரு பேரிடி விழுந்தது. 1654 இல் ஹங்கேரியிலிருந்து லெஷ்னோவுக்குத் திரும்பியிருந்தார். அடுத்த வருசம் சுவீடன் படை போலந்துக்குள் வந்தது. கொமேனியஸ் சுவீடன் அரசனைப் புகழ்ந்து எழுதினார். இடம் குடுத்த நாட்டின் எதிரியைப் புகழலாமா என்று போலந்துக்காரருக்குக் கோபம். 1656 ஏப்ரல் கடைசியில் போலந்துப் படை லெஷ்னோவை எரித்தது. வீடு போனது, புத்தகங்கள் போயின. மாணவனாக இருந்த காலம் தொட்டு நாற்பது வருசத்துக்கு மேலாகச் சேர்த்த செக் மொழிச் சொற்களஞ்சியமும் எரிந்தது. அவருக்கு அப்போது அறுபத்துநாலு வயது. தன்னுடைய சனத்தின் மொழியைச் சொல் சொல்லாகச் சேர்த்து வைத்தது முழுக்கச் சாம்பல்.

அவரில் பிழையே இல்லை என்று நான் எழுதினால் அது பொய். சுவீடன் விசயத்தில் அவர் எழுதினது அவருடைய சனத்துக்கே ஆபத்தாக முடிந்தது என்று குறை சொன்னவர்கள் உண்டு. எதிரி அரசு விழும், நாங்கள் ஊர் திரும்புவோம் என்று குறி சொன்ன ஆட்களை நம்பி, அவர்களுடைய வாக்குகளை அச்சடித்தும் வெளியிட்டார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஊருக்குப் போகிற ஆசை மனிசனை என்னவெல்லாம் நம்ப வைக்கும் என்பது எங்களுக்குத் தெரியாதா? அதனால் நான் சிரிக்கவில்லை.

கடைசியில் அம்ஸ்ரர்டாமில் ஒரு பணக்கார நண்பர் ஆதரித்தார். அங்கே பதினாலு வருசம் எழுதினார். 1670 நவம்பர் 15 இல் எழுபத்தெட்டு வயதில் செத்தார். பக்கத்தில் நார்டன் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். கல்லறை எது என்றே தெரியாமல் கிடந்து 1929 இல்தான் அடையாளம் கண்டார்கள். காணாமல் போன பெரிய நூல் ஒன்றின் கையெழுத்துப் பிரதி 1930களில் ஜேர்மனியின் ஹாலே நகரில் கிடைத்து, 1966 இல் பிராக்கில் அச்சானது.

அவரை ஊரை விட்டுக் கலைத்த நாட்டில் இன்றைக்கு இருநூறு குரோனா நோட்டில் அவருடைய படம். அவர் பிறந்த மார்ச் 28 ஐத்தான் அங்கே ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். எங்கள் புத்தாண்டுக்கு இரண்டு கிழமை முந்தி.

எங்கள் நிரல்

பெற்றோரே, இவ்வளவும் படித்த பிறகு மகளின் தாளைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தேன். படம் இருக்கு. வசனம் இருக்கு. கொமேனியஸ் வைத்த மற்ற நிரல் இல்லை. பள்ளிக்கூடத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு வகுப்பில் எத்தனையோ மொழிப் பிள்ளைகள். அவர்கள் எல்லா மொழியிலும் அடித்துக் குடுக்கேலாது. ஆனால் அந்த நிரலை நிரப்ப வீட்டில் நான் இருக்கிறேன்தானே. இவ்வளவு நாளும் என்ன செய்தேன்? என்னுடைய ஆங்கிலம் பிழை என்று வெட்கப்பட்டு, பிள்ளை தாளோடு வந்தால் அம்மாவிட்டை போ, இல்லாட்டி ரீச்சரிட்டைக் கேள் என்று கலைத்துவிட்டுப் படுத்தேன். ஆங்கிலத்துக்குப் பயந்து தமிழையும் சேர்த்துக் குடுக்காமல் விட்டிருக்கிறேன்.

95 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது நான் சின்னப் பெடியன். அப்பா உடுப்புப் பொதிக்குள் என்னுடைய அரிவரிப் புத்தகத்தையும் வைத்துக் கட்டினார். அரிசி வைக்கவே இடம் இல்லாத நேரம். அணில் படத்துக்குப் பக்கத்தில் அ, ஆட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஆ. போகிற வழியில் மரத்துக்குக் கீழே இருந்து அதைத்தான் வாசித்தேன். அது ஏன் என்று அப்பாவை நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்ப கேட்கத் தேவையில்லை.

போன சனிக்கிழமை அந்தத் தாளை வேறொரு கடதாசியில் பார்த்துக் கீறி, ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு வசனம் எழுதினேன். ஆறையும் கலைத்து வைத்து மகளிட்டைக் குடுத்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தா. பட்டம் சரி, நாய் சரி. ஆச்சி கம்பளி பின்னுகிறா என்ற வசனத்தில் நின்றுவிட்டா. பின்னுறது எண்டால் தலை பின்னுறதுதானே, ஆச்சி கம்பளிக்கு ஏன் தலை பின்னுறா என்று கேட்டா. இந்த முறை சிரித்தது நான். பிறகு இரண்டும் ஒரு சொல்தான், தலைமயிரும் பின்னலாம், கம்பளியும் பின்னலாம், பாயும் பின்னலாம் என்று சொல்லிக் குடுத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தமிழ் நிரலில் இருந்து ஆச்சிக்கும், ஆங்கில நிரலில் இருந்து ஆச்சிக்குமாக இரண்டு கோடு கீறினா.

எங்கள் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இப்படிப் பத்துத் தாள் செய்து தருவதாக ஆசிரியைக்குச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய படங்கள் வடிவாய் வராது, நாய் ஆடு மாதிரி இருக்கும். படம் கீறத் தெரிந்தவர்கள் ஆராவது இருந்தால் புத்தாண்டு விழா அன்று மண்டபத்தில் என்னோடு கதையுங்கோ. கீறத் தெரியாதவர்களும் வீட்டில் பிள்ளையின் பாடத்தாளுக்குக் கீழே தமிழில் ஒரு வரி எழுதி வையுங்கோ. அதுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை.